டெல்லி கணேஷ்: மறைக்கத் தெரிந்த நடிகர்

"டெல்லி கணேஷ் என்றால் எனக்கு அப்பா வேஷம்தான் ஞாபகம் வரும். அப்புறம் கமல் படத்து காமெடி. அவர் இறந்தபோது எல்லாரும் மகா நடிகர் என்று எழுதினார்கள். அப்படி என்ன செய்தார்? எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானூறு படங்களுக்கு மேல் நடித்தவரைப் பற்றி வரிசையாகப் படப்பெயர்களை அடுக்கினால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. அதனால் இரண்டு சமையல்கட்டுகளிலிருந்து தொடங்குகிறேன்.

முதலாவது 1990இல் வந்த 'மைக்கேல் மதன காம ராஜன்'. அதில் அவர் பாலக்காட்டு மணி ஐயர். நான்கு கமல்களில் ஒருவரான காமேஸ்வரனைப் பிள்ளையாக வளர்க்கும் சமையல்காரர். சைவ விருந்துக்கான சாம்பாரில் எப்படியோ ஒரு மீன் விழுந்துவிடுகிறது. விஷயம் வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். அந்தத் தவிப்புதான் மொத்தக் காட்சியும். தமிழ்நாட்டில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு.

இரண்டாவது 2021இல் நெட்ஃப்ளிக்ஸில், ரசத்துக்கு ஒன்றாக ஒன்பது குறும்படங்களோடு வந்த 'நவரசா' தொகுப்பில், வசந்த் இயக்கிய 'பாயசம்'. தி. ஜானகிராமனின் சிறுகதையிலிருந்து எடுத்தது. இங்கேயும் ஒரு விருந்து, ஒரு பெரிய பாத்திரம், அதன் பக்கத்தில் டெல்லி கணேஷ். ஆனால் இந்த முறை பாத்திரத்துக்குள் எதுவும் விழவில்லை. கிழவர் சாமநாது அண்டாப் பாயசத்தைத் தானே கவிழ்த்துக் கொட்டிவிட்டு, எலி விழுந்துவிட்டது என்று பொய் சொல்கிறார்.

ஒன்றில் விழுந்ததை மறைக்கிறார். இன்னொன்றில் விழாததை விழுந்ததாகச் சொல்லி, உள்ளே இருக்கும் வேறொன்றை மறைக்கிறார். இடையில் 31 வருடம். அவருடைய முக்கியமான வேஷங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஏதோ ஒன்றை அடுத்தவர் கண்ணில் படாமல் மறைக்கப் பார்க்கும் மனிதர்கள். குடித்ததை மறைப்பவர், பொறாமையை மறைப்பவர், கையில் காசு இல்லாததைச் சம்பந்தி வீட்டாரிடம் மறைப்பவர். மறைக்கிற மனிதனை நடிப்பதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. காட்சியில் எதிரே நிற்பவருக்குத் தெரியக் கூடாது, தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வேண்டும். ஒரே முகத்தில் இரண்டு பேருக்கு இரண்டு சேதி. என் பார்வையில் டெல்லி கணேஷின் மொத்தத் திறமையும் இதில்தான் இருக்கிறது.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நடிப்புக்கு அது முக்கியம். 1944 ஆகஸ்ட் 1 அன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் பிறந்தவர். 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் வேலை. அந்தக் காலத்தில் டெல்லியில் தட்சிண பாரத நாடக சபா என்ற தமிழ் நாடகக் குழுவில் நடித்தார். சென்னைக்கு வந்தபின் காத்தாடி ராமமூர்த்தியின் குழு. விசு எழுதிய 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தை கே. பாலசந்தர் படமாக்கியபோது (1977) சினிமாவுக்குள் வந்தார். 'டெல்லி' என்ற அடைமொழியும் பாலசந்தர் கொடுத்ததுதான். திருநெல்வேலிச் சீமைக்காரருக்கு வாழ்நாள் முழுக்க டெல்லி பெயரோடு ஒட்டிக்கொண்டது.

சபா நாடகத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்துவார்கள், சிரிப்பு அடங்கட்டும் என்று அடுத்த வசனத்துக்குக் காத்திருப்பார்கள். மேடையிலிருந்து வந்த பலரிடம் கேமரா முன்னால் இந்த இரண்டும் போகவே போகாது. டெல்லி கணேஷிடம் முதலாவது சீக்கிரமே போய்விட்டது. இரண்டாவதை அவர் விடவில்லை, உருமாற்றிக்கொண்டார். பேசுவதற்கு முன்னால் ஒரு அரை நொடி நிற்பார். அந்த அரை நொடியில் கண் எங்கேயாவது போய்விட்டுத் திரும்பும். சொல்லலாமா வேண்டாமா என்று அந்த ஆள் உள்ளுக்குள் கணக்குப் போடுவது நமக்குத் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு பழைய படங்களைத் திரும்பப் பாருங்கள், வேறு ஆளாகத் தெரிவார்.

அவரை 'ஐயர் வேஷக்காரர்' என்று ஒதுக்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது துரை இயக்கிய 'பசி' (1979). ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கித்தந்த படம். அதில் அவர் ஷோபாவின் அப்பா முனியாண்டி, சென்னைச் சேரியில் சைக்கிள் ரிக்‌ஷா இழுப்பவர். சினிமாவுக்கு வந்து ஓரிரு வருடமே ஆன, நாற்பதைத் தொடாத ஒருவர், வளர்ந்த பெண்ணுக்குத் தகப்பனாக, சென்னைத் தமிழ் பேசிக்கொண்டு. தமிழக அரசின் சிறப்புப் பரிசு அவருக்கு இந்தப் படத்துக்காகக் கிடைத்தது. அந்தப் படத்தில் அவர் எதையும் அழகாகச் செய்ய முயலவில்லை. ஏழையை நடிக்கும்போது நம் நடிகர்கள் வழக்கமாகக் கேட்கிற இரக்கத்தை அவர் கேட்கவே இல்லை. அதனால்தான் அந்த முனியாண்டி இன்றைக்கும் பழசாகவில்லை.

சரி, அடுத்து 'சிந்து பைரவி' (1985). இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சிவகுமார் நடிக்கும் ஜே.கே.பி. பெரிய பாடகர். டெல்லி கணேஷ் அவருடைய மிருதங்க வித்வான் குருமூர்த்தி. கச்சேரிக்குக் குடித்துவிட்டு வருகிறார். ஜே.கே.பி. கண்டுபிடித்துவிட்டு, அவரை வெளியே அனுப்பி, மிருதங்கமே இல்லாமல் பாடுகிறார். கதைக்கு இது அஸ்திவாரம். ஏனென்றால் பின்னால் அதே ஜே.கே.பி. குடியில் விழப் போகிறார். அப்போது நமக்கு இந்த முதல் அவமானம் ஞாபகத்துக்கு வர வேண்டும். குருமூர்த்தியின் அவமானம் நம் மனதில் தைக்கவில்லை என்றால் ஜே.கே.பி.யின் வீழ்ச்சிக்குப் பாதி கனம்கூட இருக்காது. இவ்வளவு பெரிய பாரத்தைப் பாலசந்தர் ஒரு துணை நடிகரின் தோளில் வைத்திருக்கிறார்.

தள்ளாடுகிற குடிகாரனை யார் வேண்டுமானாலும் நடிக்கலாம். குடிக்காதவனைப் போல நடிக்கிற குடிகாரனை நடிப்பதுதான் கஷ்டம். அவன் நேராக நிற்கக் கொஞ்சம் அதிகமாகவே முயல்வான். சொல்லைத் தெளிவாக உச்சரிக்க வேண்டுமே என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பான். மரியாதை வழக்கத்தைவிட ஒரு பிடி கூடுதலாக இருக்கும். குருமூர்த்தியிடம் இந்தக் கூடுதல் மரியாதையைக் கவனியுங்கள். ஒரு நல்ல வித்வானின் வெட்கமும் அதற்குள்ளேயே இருக்கிறது, தன் கையில் வித்தை இருக்கிறது என்று தெரிந்தவனின் வெட்கம். சும்மா ஒரு குடிகாரனை வெளியே தள்ளினால் நமக்கு வலிக்காது. இவரை அனுப்பும்போது வலிக்கிறது.

'நாயகன்' (1987) வேறு வகைப் பாடம். அதில் அவரை அய்யர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேலு நாயக்கருக்குப் பக்கத்தில் நிற்கிறவர். பேச்சு குறைவு. வேலுவுக்கு வயதாக வயதாக இவருக்கும் ஜனகராஜுக்கும் கூடவே வயதாகிறது. கமலுக்கு வயதாவது ஒப்பனையாலும் நடிப்பாலும் நமக்குத் தெரிகிறது. ஆனால் காலம் போயிருக்கிறது என்று நாம் நம்புவது, சுற்றி நிற்கும் இவர்களைப் பார்த்துத்தான். பழகிப் பழகி, தலைவர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்துவிட்ட ஒரு நிற்பு இருக்கிறது பாருங்கள், அதற்கு வசனம் எழுத முடியாது.

கமல் அவரை ஏன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார் என்று பலர் கேட்பதுண்டு. 'புன்னகை மன்னன்' (1986), 'அபூர்வ சகோதரர்கள்' (1989), 'அவ்வை சண்முகி' (1996), 'தெனாலி' (2000) என்று பட்டியல் நீளம். நட்பு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் தொழில் ரீதியாக ஒரு காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. கமலின் நகைச்சுவைப் படங்களுக்கு எழுதிய கிரேசி மோகனின் வசனம் ஒரு பந்து மாதிரி, கீழே விழாமல் கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் அடித்துவிட்டு, மற்றவர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றால் காட்சி செத்துவிடும். எதிரே நிற்பவர் அதை ஜோக் என்றே நினைக்கக் கூடாது. அவருக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை. டெல்லி கணேஷின் மணி ஐயர் கண்ணில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. அவருக்கு நிஜமாகவே சாம்பாரில் மீன் விழுந்திருக்கிறது, நிஜமாகவே பிழைப்பு போகப் போகிறது. அவர் நம்புவதால்தான் நாம் சிரிக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் படங்களில் படப்பிடிப்பில் பேசியது அப்படியே திரையில் வராது. பின்னால் டப்பிங் தியேட்டரில் உட்கார்ந்து, படத்தைத் துண்டு துண்டாக ஓடவிட்டு, உதட்டசைவுக்குத் திரும்பப் பேச வேண்டும். நகைச்சுவைக்கு இது பெரிய சோதனை. படப்பிடிப்பில் எதிராளியின் முகத்தைப் பார்த்துத் தானாக வந்த வேகத்தை, இருட்டறையில் மைக் முன்னால் தனியாக நின்று திரும்பக் கொண்டுவர வேண்டும். அதுவும் பாலக்காட்டுத் தமிழில், அந்த இழுவையோடு, அந்த ஏற்ற இறக்கத்தோடு. நெல்லைக்காரர் ஒருவர் 'பசி'யில் சென்னைத் தமிழையும், இங்கே பாலக்காட்டுத் தமிழையும், 'பாயசம்' படத்தில் கும்பகோணத்துப் பேச்சையும் பேசினார். மூன்றிலும் அந்தந்த ஊர்க்காரராகவே இருந்தார். வட்டார வழக்கைக் கேலி செய்யாமல் பேசுவது சின்ன விஷயம் இல்லை. நம் சினிமாவில் வட்டார வழக்கு என்றாலே சிரிப்புக்கு என்று ஒரு கெட்ட பழக்கம் நெடுநாளாக இருக்கிறது.

'அபூர்வ சகோதரர்க'ளில் அவர் பிரான்சிஸ் அன்பரசு, நான்கு வில்லன்களில் ஒருவர். நாகேஷ், ஜெய்சங்கர், நாசர் மற்ற மூவர். இந்தத் தேர்வு எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். பயங்கரமான முகம் ஒன்றையும் தேடாமல், வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கும் பெரியப்பா மாதிரி ஒருவரைக் கொலைகாரனாக்கினார்கள். அந்த வேஷத்தில் அவர் குரலை மாற்றவில்லை, முகத்தைக் கொடூரமாக்கவில்லை. மாமனாக வந்தால் நாம் நம்பும் அதே சாந்தம் அங்கே அச்சமாக மாறுகிறது.

அப்பா வேஷங்கள். நீங்கள் குறிப்பிட்டதால் சொல்கிறேன், அதில் ஏராளமானவை அவசரத்தில் எழுதப்பட்டவை. பெண்ணைப் பெற்றவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வருவார், கண் கலங்குவார், போய்விடுவார். எல்லாவற்றையும் தூக்கிப்பிடிக்க எனக்கு மனம் இல்லை. ஆனால் 'ஆஹா' (1997) மாதிரி ஒன்றைப் பாருங்கள். மறுபடியும் சமையல்காரர். பணக்கார வீட்டுப் பிள்ளை ஒருவன் விரும்பும் பெண்ணின் அப்பா. அந்தஸ்து வித்தியாசத்தைப் பற்றி எவ்வளவோ வசனம் பேசலாம். அவரோ அதை உடம்பிலேயே வைத்துக்கொள்கிறார். அந்த உடம்பு பணிவையும் காட்டும், பணிவுக்கு அடியில் இருக்கும் ரோஷத்தையும் காட்டும்.

தொலைக்காட்சிக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு சின்ன திருத்தம், ஏனென்றால் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. 'மெட்டி ஒலி' தொடரில் ஐந்து பெண்களின் அப்பா சிதம்பரமாக நடித்தவர் டெல்லி குமார். டெல்லி கணேஷ் வேறு. பெயரும் வேஷமும் ஒரே மாதிரி இருப்பதால் அவருடைய பாராட்டு இவருக்கும் இவருடையது அவருக்கும் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு பேரும் நல்ல நடிகர்கள், அவரவர் பங்கு அவரவருக்குச் சேர வேண்டும்.

டெல்லி கணேஷ் சீரியல்களில் நிறைய நடித்தார். சீரியல் வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் அதன் அருமை புரியும். வசனத் தாள் பெரும்பாலும் அன்றைக்குத்தான் கைக்கு வரும். கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று அடியெடுத்துக் கொடுப்பார். ஒரே நாளில் பல காட்சிகளை முடித்தாக வேண்டும். ஒருவர் பேசியதும் மீதி எல்லாருடைய முகத்தையும் தனித்தனியாகக் க்ளோசப் எடுப்பார்கள். ரியாக்‌ஷன் கொடுங்கள் என்று கேட்டால் கொடுக்க வேண்டும், சில சமயம் எதற்கு என்றே தெரியாமல். இந்த ஓட்டத்தில் பலருடைய நடிப்பு நான்கைந்து முகபாவங்களாக உறைந்துவிடும். மேடையில் வசனத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு பழகியவருக்கு அங்கே ஒரு சலுகை இருந்தது. அடுத்த வார்த்தை என்ன என்று தேடவேண்டியதில்லை, எதிரே இருப்பவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கலாம். அவர் கேட்டார். சீரியலில் அவர் இருக்கும் காட்சியில் மற்றவர்களும் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் நிஜமாகப் பேச ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். நடிக்கக் கூப்பிட்ட இளைஞர்களின் குறும்படங்களிலும் நடித்தார். சின்ன திரை, பெரிய திரை என்ற வித்தியாசம் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போது 'பாயசம்'. நான் இதை முதல் தடவை பார்த்தபோது முடிந்ததும் எழுந்திருக்கவில்லை, அப்படியே திரும்ப ஓடவிட்டேன்.

கதை சின்னது. சாமநாதுவின் அண்ணன் பிள்ளை சுப்பராயன் உழைத்து முன்னுக்கு வந்தவன், ஊருக்கே வேண்டியவன், நிறைந்த குடும்பம். அவன் வீட்டில் கல்யாணம். சாமநாதுவுக்கோ மனைவி போய்விட்டாள், பெண் விதவையாக வீட்டில் இருக்கிறாள். ஊரே சுப்பராயனைக் கொண்டாடுவது இவர் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. படத்தில் மனைவியாக ரோகிணி, மகளாக அதிதி பாலன். இறந்துபோன மனைவியோடு அவர் பேசிக்கொண்டிருப்பதாக வரும் இடங்களில் ஒரு விஷயம் கவனியுங்கள். ஊருக்கு முன்னால் மறைப்பதை எல்லாம் அவளிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. அவளிடமும் சப்பைக்கட்டு கட்டிப் பார்க்கிறார், எடுபடவில்லை. தன் மனசாட்சியிடம் பொய் சொல்லித் தோற்கும் ஒருவரை அந்த வயதில், அவ்வளவு நிதானமாக நடித்திருக்கிறார்.

பொறாமையை அவர் முன்பே நடித்திருக்கிறார். 'தெனாலி'யில் டாக்டர் பஞ்சபூதம், ஜெயராமின் புகழைப் பார்த்து வயிறெரியும் மனநல மருத்துவர். அங்கே பொறாமை கண்ணை உருட்டும், பல்லைக் கடிக்கும், திட்டம் போடும். நாமும் சிரிப்போம். சாமநாதுவிடம் அந்தப் பொறாமையே வயதாகி, களைத்து, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. கல்யாண வீட்டில் யாராவது மரியாதையாக உட்காரச் சொன்னால் முகம் இன்னும் சுருங்குகிறது. அவமதித்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும், கோபிக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவர்கள் நல்லவர்களாக இருப்பதுதான் அவரால் தாங்க முடியாதது.

'நவரசா'வில் இந்தப் படத்துக்கு ஒதுக்கிய ரசம் அருவருப்பு. எலி விழுந்த பாயசம் என்றால் நமக்கு வரும் அருவருப்பைப் பற்றியது என்று தோன்றும். இல்லை. கடைசியில் மகள் அவரைப் பார்க்கிறாள் அல்லவா, அந்தப் பார்வையில் இருப்பது. அதை அவர் எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதுதான் படமே. நாற்பது வருடத்துக்கு மேல் பக்கவாத்தியமாக இருந்தவருக்கு ஒரு முழுத் தனி ஆவர்த்தனம் கிடைத்தது, அதுவும் பாலசந்தர் பள்ளியில் படித்த இன்னொருவர் கையால். அடுத்த மூன்று வருடத்தில், 2024 நவம்பர் 9 இரவு, சென்னையில் காலமானார். அப்போது வயது 80. விமானப்படையினர் வந்து மரியாதை செலுத்தினார்கள்.

பார்க்கும் வரிசையைக் கேட்டீர்கள். என் யோசனை: 'பசி', 'சிந்து பைரவி', 'மைக்கேல் மதன காம ராஜன்', கடைசியாக 'பாயசம்'. நேரம் இருந்தால் நடுவில் 'நாயகன்'. மூன்றாவதை நீங்கள் ஏற்கெனவே பத்துத் தடவை பார்த்திருப்பீர்கள், பரவாயில்லை. இந்தத் தடவை சாம்பார் காட்சி வரும்போது கமலைப் பார்க்காதீர்கள். மணி ஐயரை மட்டும் பாருங்கள், பேசாமல் இருக்கும்போது. அன்றைக்கே 'பாயசம்' போட்டு, அண்டாவுக்குப் பக்கத்தில் சாமநாது வந்து நிற்கும் இடத்தில் அதே முகத்தைத் தேடுங்கள்.